தொட்டிக்குள் வேலம்பாசி

கீரமங்கலத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு மீன் என்றால் சட்டிதான் நினைவுக்கு வரும். கல்யாணமாகிக் குளத்தூரில் குடித்தனம் வைத்த மறு வருடம், அறுபதுகளின் தொடக்கத்தில், சர்க்கார் ஆபீசில் கிளார்க்காக இருந்த என் கணவர் ஒரு சாயங்காலம் வாளியோடு வந்து நின்றார். பின்னால் ஒரு கூலியாள் கண்ணாடித் தொட்டியைத் தூக்கி வந்தார். வாளிக்குள் ஐந்து தங்க மீன்கள். இவற்றைப் பொரிப்பதா குழம்பு வைப்பதா என்று கேட்டேன். மாற்றலாகிப் போன மேலதிகாரி கொண்டுபோக வழியில்லாமல் இவரிடம் கொடுத்துவிட்டாராம்.

என் கணவருக்குச் சீட்டாட்டம் கிடையாது, வெற்றிலைகூடக் கிடையாது. ஆபீஸ் விட்டு வந்ததும், சட்டையைக் கழற்றுமுன்னே தொட்டிக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பார்க்கச் சிரிப்பாக இருந்தது. அந்தச் சிரிப்பும் மூன்றாம் நாள் தண்ணீர் கலங்கி நாறத் தொடங்கும் வரைதான்.

மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றச் சொல்லியிருந்தாராம் மேலதிகாரி. எங்கள் வீட்டுக் கிணறு உப்பு. குடிக்க, சமைக்க எல்லாம் ஊருணித் தண்ணீர்தான். அரை மைல் நடக்க வேண்டும். தொட்டி நாலு குடம் பிடிக்கும். மேலதிகாரி வீட்டில் சுமக்க ஆள் வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்தான்.

இடுப்பு விட்டுப்போன பிறகு எனக்குத் தேத்தாங்கொட்டை ஞாபகம் வந்தது. மழைக்காலத்தில் ஊருணித் தண்ணீர் செம்மண்ணாக வந்தால், குடத்தின் உட்புறத்தில் அந்தக் கொட்டையை நாலு இழுப்பு இழைத்துவிடுவோம். விடிவதற்குள் மண் அடியில் தங்கித் தண்ணீர் தெளிந்துவிடும். அவர் ஆபீஸ் போனதும் நாலு கொட்டையைக் கல்லில் இழைத்துக் கரைத்துத் தொட்டியில் ஊற்றினேன். சாயங்காலம் தண்ணீர் தெளிந்துதான் இருந்தது. அவர் என்னைப் பெருமையாகப் பார்த்தார். நானும் ஒன்றும் தெரியாதவள் போல அடுப்பை ஊதினேன். மறுநாள் அந்தத் தெளிந்த தண்ணீரே நாறியது. ஒரு மீன் செத்து மிதந்தது. மண் வேறு, மீன் கழிவு வேறு என்பது எனக்கு உறைக்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அவர் மீனை முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தார். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் திட்டி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அதற்கும் இடம் கொடுக்காத மனிதர்.

பங்குனியில் ஊருணி வற்றத் தொடங்கியது. காவல் போட்டு, வீட்டுக்கு நாளொன்றுக்கு மூன்று குடம் என்று வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மீன்களை ஊருணியில் விட்டுவிடுங்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். சரி என்றார். அந்த வாரம் முழுக்க அவர் பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. எனக்கு அவர் மேலும் கோபம், என் மேலும் கோபம்.

வியாழக்கிழமை ஊருணியில் என் முறைக்காகக் காத்து நின்றேன். படித்துறைப் பக்கம் ஆள் இறங்கி இறங்கிப் பாசியெல்லாம் அறுந்துபோன இடத்தில் தண்ணீர் பச்சையாகக் கொழகொழவென்று இருந்தது. யாரும் இறங்காத வடக்கு மூலையிலோ, தண்ணீருக்குள்ளேயே கொடியாக வளரும் வேலம்பாசி அடர்ந்து, அதற்குள் கெண்டைக் குஞ்சுகள் ஓடுவதும் அடியில் கிடந்த கூழாங்கல்லும் பளிச்சென்று தெரிந்தன. அந்த மீன்களுக்கு யார் தண்ணீர் மாற்றுகிறார்கள் என்று தோன்றியது. காவல்காரரிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு கை வேலம்பாசியும் முந்தானையில் கொஞ்சம் மணலும் அள்ளி வந்தேன்.

தொட்டியில் மணலைப் பரப்பிப் பாசியை நட்டதும் தண்ணீர் சேறாகிவிட்டது. தெளிவதற்குள் அவர் வந்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் குரல் உயர்ந்தது அன்றுதான்.

"பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லு. அதுக்காகக் குப்பைய அள்ளி அதுக மேல போடுவியா?"

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பாசியைப் பிடுங்க வந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மீனைக் கொன்றவளிடம் அவர் எதை நம்புவார்? ஆனாலும், கோபத்தில் அந்தச் சின்ன உயிர்கள் மேல் குப்பை போடுகிறவள் என்று என்னை நினைத்துவிட்டாரே என்று அழுகை வந்தது.

"பத்து நாள் தாங்க. அதுவரைக்கும் இதுல கைய வைக்காதீங்க. தண்ணி நாறுச்சுன்னா என் பங்குத் தண்ணிய எடுத்து ஊத்துறேன்."

அவர் கையை எடுத்துவிட்டார்.

அதன்பின் தினமும் அவருக்கு முன்னே எழுந்து தொட்டியை மோந்து பார்ப்பதே என் வேலையாயிற்று. இரண்டாம் நாளும் கலங்கல்தான். மூன்றாம் நாள் ஜன்னல் வெயில் பட்டதும் பாசி இலைகளில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டியிருந்து ஒவ்வொன்றாக மேலே போயின. மீன்கள் கொழுந்தைக் கடித்தன. அவற்றை வாய்விட்டே திட்டினேன். அழுகின இலையை மட்டும் பொறுக்கி எறிந்தேன், வற்றினதற்கு ஒரு செம்பு ஊற்றினேன். ஆறாம் நாள், தொட்டிக்குப் பின்னால் சுவரில் தொங்கிய காலண்டரில் தேதியைப் படிக்க முடிந்தது. நாற்றம் துளி இல்லை. மீன் கழிவு பாசிக்கு எரு என்று ஹைஸ்கூல் வாத்தியார் ஒருவர் அவருக்கு விளக்கினாராம். வயலுக்குச் சாணம் அடித்த வீட்டில் பிறந்தவள் நான். எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்து எழுந்தால் அடுக்களையில் குடத்தைக் காணோம். வாசலுக்கு வந்தேன். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் குடத்தோடு, சட்டையெல்லாம் நனைந்து அவர் வந்துகொண்டிருந்தார். சர்க்கார் உத்தியோகஸ்தர் தண்ணீர் சுமப்பதை அந்தத் தெரு பார்த்ததில்லை. எதிர்வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"தொட்டிக்குத்தான் இனிமே தண்ணி வேண்டாமேங்க" என்றேன்.

"தொட்டிக்கு இல்ல, வீட்டுக்கு" என்றார். குடத்தை இறக்கி மூச்சு வாங்கினார். "தொட்டிக்கு நாலு கொடம்னு நீ சொன்னப்பல்லாம் மீனத்தான் நெனச்சேன். ஒன் இடுப்ப நெனக்கல."

தண்ணீரை அண்டாவில் ஊற்றினேன். பாதிதான் இருந்தது, மீதியைச் சட்டை குடித்துவிட்டது. அவர் குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஊருணிக்குக் கிளம்பினார். போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.