சிங்கத்தின் வாயில் வெந்நீர்

கருங்குளத்தூர் அரண்மனையில் தங்கிய பிரமுகர்களின் பெயர்களைக் கறுப்புக் கல்லில் வெட்டி வாசலில் பதித்திருக்கிறார்கள். ஒரு மந்திரி, இரண்டு கலெக்டர், சிமெண்ட் ஆலைக்கு இயந்திரம் பூட்ட வந்த ஒரு ஜெர்மன்காரர், பெயர் தெரியாததால் ‘மற்றும் பலர்’. அரியமுத்துக் கொத்தனாரின் பெயர் அதில் இல்லை. அந்தக் கல்லைச் சுவரில் பதித்தவரே அவர்தான். தன் கையாலேயே தன் பெயர் இல்லாத கல்லை மட்டம் பார்த்துப் பதித்த மனிதரின் வரலாற்றை யாராவது எழுதித்தானே ஆகவேண்டும். அந்தப் பொறுப்பை வேறு வழியில்லாமல் ஏற்கிறேன்.

அரண்மனை அரியலூரிலிருந்து திருமானூர் போகும் வழியில், பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் நடந்தால் வரும். ஜமீன் ஒழிந்த பிறகு வாரிசுகள் அரண்மனையைக் கண்ணும் கருத்துமாகக் காத்தார்கள். முதலில் யானைச் சங்கிலியை விற்றார்கள், அப்புறம் கதவுகளை, அப்புறம் கதவு இல்லாமல் நிலை எதற்கு என்று நிலைகளை. விற்க வௌவால் மட்டும் மிஞ்சியபோது, திருச்சியில் லாட்ஜ் நடத்திவந்த கிருஷ்ணமூர்த்தி முதலாளி வந்து வௌவாலோடு சேர்த்து வாங்கினார். எண்பத்து மூன்றில் வேலை தொடங்கியது. பழமை மாறாமல் புதுப்பித்து லாட்ஜாக்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு.

அரியமுத்து பழமையை மாற்றவில்லை. புதிதாக உண்டாக்கினார். தர்பார் மண்டபத்தின் பன்னிரண்டு தூண்களில் ஐந்துதான் நின்றன. மீதி ஏழையும் சிமெண்டில் வார்த்து, புகைக்கரியும் தேயிலைச் சாறும் பூசி, இரண்டு இடத்தில் சுத்தியலால் செல்லமாகத் தட்டி மூளி எடுத்தார். இன்றைக்கும் வருகிறவர்கள் அந்த ஏழு தூணைத்தான் தடவித் தடவிப் பெருமூச்சு விடுகிறார்கள். நிஜமான ஐந்தும் பளபளவென்று இருப்பதால் யாரும் மதிப்பதில்லை. மண்டபத்தில் வாளோடு நிற்கும் மகாராஜா படம், முதலாளியின் மாமனார் படம். மூக்குப்பொடி வியாபாரியான அவர் கையிலிருந்த டப்பாவை எடுத்துவிட்டு வாளைக் கொடுத்தது மட்டும்தான் ஓவியர் செய்த கற்பனை.

அரியமுத்துவின் அப்பா இதே அரண்மனையில் குதிரை லாயம் கூட்டியவர். பின்வாசல் வழியாக வருவார், துண்டு கக்கத்தில் இருக்கும், பின்வாசல் வழியாகவே போவார். முன்வாசல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் யோசித்துச் சொல்வாராம். புதுப்பிக்கும் வேலை நடந்த பதினாலு மாதமும் கூலியாட்கள் பின்வாசலில்தான் நுழைந்தார்கள். முதலாளிக்குப் பாரம்பரியத்தில் அவ்வளவு பிடிமானம்.

ராஜா அறையை ஒட்டி ஒரு குளியலறை. சுவரில் பித்தளைச் சிங்கமுகம். அதன் வாயிலிருந்து வெந்நீர் கொட்டும் என்பது ஏற்பாடு. அதற்காக அரியமுத்து சுவரில் ஓட்டை விட்டிருந்தார். திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, குழாய் திருச்சியிலிருந்து வரவில்லை என்று தெரிந்தது.

“ஓட்டைய வெளிப்பக்கம் பூசிடுய்யா. சிங்கத்த உள்பக்கம் மாட்டிடு. தண்ணி அப்பறம் பாத்துக்கலாம்” என்றார் முதலாளி.

அரியமுத்து பூசினார். அவர் பூசினால் சுவரில் பல்லி வழுக்கும். மனைவி ஆண்டாயிதான் அவருக்குச் சித்தாள். அவள் கலவை எடுத்துக் கொடுக்க, அவர் கரணையால் ஒரு இழு இழுக்க, ஓட்டை இருந்த இடம் இந்தப் பூமியிலிருந்து மறைந்தது. அன்றோடு அதை அவரும் மறந்தார். நல்ல வேலைக்காரர்களுக்கு இருக்கும் வியாதி இது.

தண்ணீரை முதலாளி பார்த்துக்கொள்ளவில்லை. ‘மன்னர் கால முறைப்படி பணியாள் நீர் சுமந்து வருவார்’ என்று அட்டையில் எழுதி மாட்டிவிட்டார். ஜெர்மன்காரர் அந்த வாளியையே போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

அரியமுத்துவின் மகள் ஜெயலட்சுமிக்கு நிச்சயம் நடந்தது திறப்பு விழாவுக்கு முந்தின நாள், ஓட்டையைப் பூசிய மறுநாள். மாப்பிள்ளை ராசாங்கம் ரேஷன் கடையில் எடை போடுகிறவன், அதிகம் பேசமாட்டான். அவனுக்கும் சேர்த்துப் பேச அப்பா செல்லமுத்து இருந்தார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை நிமிஷம் லேட் என்று மைக்கில் ஊருக்கே சொல்லிச் சொல்லி, உலகத்தில் எல்லாமே கொஞ்சம் லேட்டு, கொஞ்சம் குறைச்சல் என்ற முடிவுக்கு வந்திருந்தவர். நிச்சயத்துக்கு வந்தவர் கைக்கடிகாரத்தையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒத்தப் பத்தி வீடுதானா சம்பந்தி, ஒரே ரூமு? தல தீவாளிக்கு எம்புள்ள வந்து கால நீட்டுனா, கால் தெருவுலல்ல இருக்கும்?”

பந்தலே சிரித்தது. ஊருக்கெல்லாம் மாடி கட்டிய கைக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை.

“ஒங்க புள்ளைய ராசா கட்டில்ல படுக்க வெக்கிறேன் சம்பந்தி. கருங்குளத்தூர் அரமணையில. சிங்கத்து வாயிலேர்ந்து வெந்நீ கொட்டும், அதுல கங்கா ஸ்நானம். பாத்துக்குங்க.”

“கொட்டலேன்னா?”

“கொட்டலேன்னா ஒங்க பஸ் ஸ்டாண்டு மைக்குல எம்பேரச் சொல்லி ஏசுங்க.”

செல்லமுத்து பையிலிருந்து டைரியை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு மைக் எட்டுத் திக்கும் போகிற ஜனங்கள் காதில் விழுவது. அதில் ஒருமுறை பெயர் கெட்டால் அப்புறம் ஊர் மாறித்தான் வேலை தேட வேண்டும்.

அரண்மனை திறப்பு விழாவில் வாய்ப்பு வந்தது. மந்திரி முன்னால் தாராளம் காட்ட விரும்பிய முதலாளி, “அரியமுத்து, ஒனக்கு என்ன வேணும், கேளு” என்றார். வேட்டி துண்டு கேட்பான் என்று எதிர்பார்த்து அதைத் தட்டில் தயாராகவும் வைத்திருந்தார்.

“தீவாளிக்கு ஒரு ராத்திரி ராசா ரூம் வேணுங்க.”

மந்திரி கைதட்டிவிட்டார். அப்புறம் மறுக்க முடியுமா? தீபாவளியன்று லாட்ஜில் ஈ கூட தங்காது என்பது முதலாளிக்கு அனுபவத்தில் தெரியும். ஆகவே மனமுவந்து சம்மதித்தார்.

கல்யாணம் முடிந்து, எண்பத்தைந்து தீபாவளிக்கு முந்தின நாள் சாயந்தரம் குடும்பம் புதுத்துணி மூட்டையோடு வந்து சேர்ந்தது. செல்லமுத்துவும் வந்திருந்தார். தலைத் தீபாவளிக்கு மாப்பிள்ளையோடு அப்பா வருகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. “சும்மா, தொணைக்கு” என்றார். அரியமுத்து மகாராஜா போல முன்னால் நடந்தார், மதிலை ஒட்டி, வேப்பமரத்தைத் தாண்டி, வலது பக்கம் திரும்பி, நேராகப் பின்வாசலுக்கு.

“சம்பந்தி, ராசா இப்புடித்தான் போவாரா?” என்றார் செல்லமுத்து, சாணிக்குழியை ஒரு எட்டில் தாண்டி.

அரியமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. வந்த வழியே திரும்பினார். மொத்த ஊர்வலமும் திரும்பி முன்வாசலுக்கு நடந்தது. அங்கே தலைப்பாகையோடு மேனேஜர் வேணுகோபால் கும்பிட்டு வரவேற்க, கும்பிடு வாங்கிப் பழக்கமில்லாத அரியமுத்து அவரைவிடக் குனிந்து கும்பிட்டார். யார் விருந்தாளி என்று தீர்மானிக்க இரண்டு நிமிஷம் பிடித்தது. செல்லமுத்து அதையும் கடிகாரத்தில் பார்த்தார்.

“ஒரு சின்ன சங்கதி” என்றார் வேணுகோபால் பணிவாக. “தீவாளிங்கறதால ஆளுங்க எல்லாம் லீவு. தண்ணி சொமக்கிறவரும்.”

“தண்ணிய எதுக்கு சொமக்கணும்? சிங்கம் என்ன பண்ணுது?” என்றார் அரியமுத்து.

வேணுகோபால் அரியமுத்துவை ஒரு மாதிரி பார்த்தார். “அது நீங்க கட்டுன சிங்கம்தானே? ஒங்களுக்குத் தெரியாதா?”

அரியமுத்துவுக்கு அந்த ஓட்டையும், அதன் மேல் தான் இழுத்த பூச்சும் ஞாபகம் வந்த இடம் அதுதான். முன்வாசலில், முதல் தடவையாகச் செருப்போடு நின்றபடி.

அன்றிரவு மாப்பிள்ளையும் பெண்ணும் ராஜா கட்டிலில் படுத்தார்கள். செல்லமுத்து தர்பார் மண்டபத்தில் மூக்குப்பொடி மகாராஜாவின் பார்வையில் படுத்தார். அரியமுத்துவும் ஆண்டாயியும் எங்கே படுப்பது என்று யாரும் சொல்லாததால், வேலை நாளில் சிமெண்ட் மூட்டை அடுக்கிய லாயத்துக்கே போய்ப் படுத்தார்கள். அரியமுத்து தூங்கவில்லை. மைக்கில் தன் பெயர் எப்படிக் கேட்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

கோழி கூப்பிட்டது. மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைத்தாயிற்று. ஆண்டாயி தாராளக்காரி, கால்படி நல்லெண்ணெய் அவன் தலையில் இறங்கியிருந்தது. கோவணத்தோடு சிங்கத்தின் முன் பலகையில் உட்கார்ந்து, கண்ணைத் திறக்க முடியாமல், “மாமா, தண்ணி?” என்றான் ராசாங்கம். மாமனார் குடும்பத்திடம் அவன் பேசிய முதல் வார்த்தையே அதுதான்.

“வருது மாப்ள. ராசா காலத்து சிங்கம். கொஞ்சம் யோசிக்கும்.”

செல்லமுத்து வாசற்படியில் கடிகாரத்தோடு நின்றார். “அஞ்சு பத்து. நான் நிக்கிறேன்.”

அரியமுத்து சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினார். கிணற்றடியில் ஆண்டாயி மூன்று கல்லைக் கூட்டி, அண்டாவில் வெந்நீர் காயவைத்திருந்தாள். எதிரே குளியலறையின் வெளிச்சுவர், வழவழவென்று. அரியமுத்து உளியின் பின்புறத்தால் தட்டிப் பார்த்தார். டக், டக், டக். எல்லா இடமும் ஒரே சத்தம். அவ்வளவு நேர்த்தியான வேலை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் தொழிலை வெறுத்தார்.

“எந்தப் பாவி பூசினான் இத!”

“வேற யாரு, நீதான்” என்றாள் ஆண்டாயி. “அந்த முருங்கமரத்துலேர்ந்து நாலு எட்டு. அங்க நின்னுதான் நான் கலவச்சட்டி குடுத்தேன். தோள் ஒயரம். அன்னிக்கு நீ என்னைய ஏசுனது கூட ஞாபகமிருக்கு எனக்கு, ‘தண்ணியா கொழச்சிருக்கே’ன்னு.”

நாலு எட்டு வைத்தார். தோள் உயரத்தில் உளியை வைத்துக் கண்ணை மூடி அடித்தார். தண்ணியாகக் குழைத்ததாக ஏச்சு வாங்கிய பூச்சு உளியைத் திருப்பி அனுப்பியது. பத்தாவது அடியில் பூச்சு மட்டுமல்ல, கூடவே நாலு செங்கல்லும் வந்தன. வேலை முடிந்தபோது சுவரில் ஒரு பூசணிக்காய் நுழைகிற ஓட்டை. அதன் ஆழத்தில் சிங்கத்தின் பின்மண்டை தெரிந்தது. அரியமுத்து பக்கத்து வாழையிலிருந்து ஒரு மட்டையை உரித்து, ஒரு முனையைச் சிங்கத்தின் கழுத்தில் செருகினார். ஆண்டாயி துவைகல்லை உருட்டிப்போட்டு ஏறி, குடத்தைச் சாய்த்தாள்.

உள்ளே சிங்கம் இரண்டு முறை இருமியது. கொஞ்சம் செங்கல் தூளையும் ஒரு பூரானையும் துப்பியது. பிறகு ஆவி பறக்க வெந்நீர் கொட்டியது.

“கொட்டுதுப்பா!” என்று கத்தினாள் ஜெயலட்சுமி.

செல்லமுத்து குனிந்து பார்த்தார். “கொட்டுது. ஆனா நின்னு நின்னுல்ல கொட்டுது?”

குடம் மாற்ற நேரமாகும் அல்லவா. அரியமுத்து மூச்சிரைக்க வாசல் பக்கம் வந்து நின்றார். “மூச்சு வாங்குது சம்பந்தி. வயசாயிடுச்சுல்ல அதுக்கு.”

“ஒமக்குமா வாங்குது?”

அரியமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தபோது, சிங்கம் வாயைத் திறந்து, ஆண்டாயியின் குரலில், மண்டபம் அதிரக் கேட்டது:

“மாப்ள, சூடு போதுமா? பச்சத்தண்ணி வெளாவவா?”

மாப்பிள்ளை சிங்கத்தைப் பார்த்து மரியாதையாக, “போதுங்க அத்த” என்றான்.

செல்லமுத்து கடிகாரத்தை மறந்து பின்பக்கம் நடந்தார். பின்னால் அரியமுத்து, தூக்குமேடைக்குப் போகிறவர் போல. அங்கே ஓட்டை, வாழைமட்டை, துவைகல் மேல் ஈரப்புடவையோடு ஆண்டாயி, கையில் அடுத்த குடம். செல்லமுத்து நின்று பார்த்தார். கிணற்றைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், உளியால் கொப்புளித்திருந்த அரியமுத்துவின் கையைப் பார்த்தார்.

“ஒடச்சது யாரு?”

“நான்தாங்க.”

“கட்டுனதும் நீர்தான்?”

“ஆமாங்க. மைக்குல சொல்லிக்குங்க. சிங்கத்துக்குத் தண்ணியே கெடையாதுன்னு சொல்லிக்குங்க.”

செல்லமுத்து சட்டையைக் கழற்றி முருங்கைமரத்தில் மாட்டினார். கடிகாரத்தையும் கழற்றினார், அதை அவர் குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டார் என்று பேச்சு.

“எண்ண மிச்சமிருக்கா தங்கச்சி?”

“இருக்குண்ணே.”

“அப்ப எனக்கும் ரெண்டு கொடம் ஊத்து. சூடு கொஞ்சம் தூக்கலா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய், மகனை நகரச் சொல்லி, சிங்கத்தின் முன் உட்கார்ந்தார்.

மைக்கில் சொல்லத்தான் செய்தார். மறுவாரம் துறையூர் வண்டிக்கும் ஆத்தூர் வண்டிக்கும் நடுவில், தன் மகன் அரண்மனையில் சிங்கத்து வாயில் கங்கா ஸ்நானம் செய்த விவரத்தைப் பயணிகளின் கனிவான கவனத்துக்குக் கொண்டுவந்தார். குரல் கொடுத்தது யார் என்பதை மட்டும் டைரியோடு வைத்துக்கொண்டார்.

கிருஷ்ணமூர்த்தி முதலாளி வந்து ஓட்டையைப் பார்த்துக் குதித்தார். ஒரு நாள் குதித்தார். இரண்டாம் நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ஓட்டையைச் சுற்றிக் கம்பி கட்டி, ‘வெள்ளையர் பீரங்கிக் குண்டு துளைத்த இடம்’ என்று பலகை வைத்தார். கூட்டம் வர ஆரம்பித்தது. பிறகு அரியமுத்துவுக்கு ஆள் அனுப்பினார். அரியமுத்து செருப்போடு முன்வாசலில் போனார், கூட ஆண்டாயி.

“சிங்கக் குளியல்னு போர்டு போடப் போறேன். ஒம் பொண்டாட்டி ஞாயித்துக்கெழம வந்து பின்னாடி நின்னு தண்ணி ஊத்தணும். பேசக் கூடாது” என்றார் முதலாளி.

அரியமுத்து மனைவியைப் பார்த்தார். ஆண்டாயி மகாராஜா படத்தைப் பார்த்தபடி சொன்னாள்:

“எம் மாப்ளைக்கு ஊத்துனேன், எங்கண்ணனுக்கு ஊத்துனேன். ஒங்களுக்கு வேணுமுன்னா, அந்தப் படத்துல நிக்கிறாரே, அவர எறங்கி வந்து ஊத்தச் சொல்லுங்க. அவருதான் சும்மா நிக்கிறாரு.”

இருவரும் முன்வாசல் வழியாகவே திரும்பினார்கள்.