புறா வராத நாடகம்

பர்னபாஸ் அண்ணன் தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனி வேலைக்காரர். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற ஐஸ் பார்களைக் கொக்கி போட்டு இழுப்பார். திருவிழாக் காலம் வந்தால் அவர்தான் நோவா. தண்ணீர் உலகத்தை மூடிய கதையை அவரைப் போல நடிக்க இந்தக் கடற்கரையில் ஆள் கிடையாது. பேழை செய் என்று ஆண்டவர் சொல்லும் இடத்தில் அவர் முழங்காலில் விழுந்தால், ஓரமாக நின்று பீடி குடிக்கிறவர்கள்கூட பீடியைக் கீழே போட்டுவிடுவார்கள்.

நான் அவருடைய நாடகக் குழுவுக்கு உடுப்புத் தைப்பவள். கடைசியில் பெட்டியிலிருந்து துணிப் புறாவை எடுத்துக் கயிற்றில் இறக்கிவிடுவதும் என் வேலைதான். வாயில் பூவரசு இலையோடு புறா இறங்கும். அண்ணன் அதைக் கையில் வாங்கி மங்களம் பாடுவார். சனங்கள் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து போவார்கள். மங்களம் பாடாமல் நாடகத்தை விட்டால் அந்த ஊருக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்துப் பயம்.

அப்போதெல்லாம் பேழை தெர்மோகோலில்தான். ஒவ்வொரு ஊரிலும் புதிதாய்ச் செய்து, பழுப்பு பெயிண்ட் அடித்து, நாடகம் முடிந்ததும் கடற்கரையிலேயே போட்டுவிட்டு வந்துவிடுவோம். காற்று கொண்டுபோய்விடும். எங்கே கொண்டுபோகிறது என்று யாரும் கேட்டதில்லை. ஒரு நாள் தருவைகுளத்தில் அண்ணனுடைய கூட்டாளி ஜெர்சன் வலையை உதறினார். மீனோடு பழுப்புக் கட்டிகளும் விழுந்தன.

"வே நோவா, ஒம்ம கப்பலு கரை சேந்துட்டு. மீன் வயித்துலயும் கொஞ்சம் கெடக்கு. வந்து எடுத்துக்கிடும்" என்று ஜெர்சன் போனில் சொல்ல, எல்லாரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு அவர் சோற்றில் கை வைத்ததோடு சரி.

"உலகத்தக் காப்பாத்துத கதைய நடிச்சிட்டு, கடல்ல விசத்தக் கொட்டிட்டு வாரேனே, விஜிலா" என்றார் என்னிடம்.

அதன்பிறகு எல்லாவற்றையும் மாற்றினார். உடன்குடியிலிருந்து ஓலைப் பாயும் பனைமட்டையும் வாங்கி, கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரே பேழை செய்தார். கிழிந்த வலைதான் அலை. பிளக்ஸ் கிடையாது. ஜெனரேட்டர் கிடையாது என்பதால் வெயில் சாய்வதற்குள் ஆட்டம் முடிய வேண்டும். வேன் வைக்காமல், மீன் இறக்கிவிட்டுச் சும்மா திரும்புகிற வண்டிகளில் ஏறிப் போனோம். உடுப்பெல்லாம் மீன் வாடை. "நோவா பேழையில கருவாட்டையும் ஏத்திட்டாரோ" என்று சனங்கள் கேலி செய்வார்கள். லைட்டும் மைக்கும் இல்லாத நாடகம் எங்களுக்கு எதற்கு என்று பல ஊர்க் கமிட்டிகள் கையை விரித்துவிட்டன. குழுவில் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள்.

ஐஸ் கம்பெனியில் நிற்கிறவருக்குக் கடல் சூடாகிவிட்டது தெரியாமல் இருக்குமா? மீன் தூரம் போய்விட்டது. போட்டுகளும் தூரம் போகின்றன. கூடுதலாக ஐஸ் கேட்கிறார்கள். அதைச் செய்ய மிஷின் கூடுதலாக ஓடுகிறது. அந்தச் சூடும் எங்கேயோ போய்த்தானே சேர வேண்டும் என்பார். இதையெல்லாம் நாடகத்தில் பேச ஆரம்பித்தார். சனங்கள் கேட்டார்கள், உச்சுக்கொட்டினார்கள். புறா இறங்கியதும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

"புறாவப் பாத்ததும் தண்ணி வடிஞ்சிட்டுன்னு நெனச்சிருதாங்க. இனிமே புறா வேண்டாம். மங்களமும் வேண்டாம்" என்றார் அண்ணன்.

அவர் மனைவி பிளாரன்ஸ் மைனி பதறிப்போனார். "ஏங்க, மங்களம் பாடாம எறங்குனா ஊருக்கு ஆகாதுங்க. இனிமே தண்ணியால அழிக்க மாட்டேன்னு ஆண்டவரே நோவாட்ட சொல்லியிருக்காரே."

"அவரு அழிக்கல பிளாரன்ஸ். ஒங்க ஊருல ஓடைய மூடுனது அவரா?"

மைனி பிறந்த ஊர் தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கம். அந்த ஊர்க்காரர்கள் மனம் நோகும் என்று பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். ஆற்றில் வெள்ளம் வந்தால் கடலுக்குப் போக அங்கே ஒரு ஓடை இருந்தது. பல வருசம் பெரிய வெள்ளம் வராததால், கட்டிட இடிசலைக் கொட்டி ஓடையை மூடித் திருவிழா மைதானம் ஆக்கிவிட்டார்கள். அப்படிச் செய்த கமிட்டிக்குத் தலைவர் மைனியின் தம்பி ரெக்ஸ்தான்.

திருவிழாவுக்கு ரெக்ஸ் எங்களைக் கூப்பிட்டார், அக்காவின் மாப்பிள்ளை என்பதற்காக. அந்த மைதானத்திலேயே ஆடினோம். முன்வரிசையில் மைனியின் சித்தி விக்டோரியா உட்கார்ந்திருந்தார். கருவாட்டு வியாபாரி, சத்தமான ஆள். தண்ணீர் உலகத்தை மூடியது. நடிகர்கள் வலைக்கடியில் ஒவ்வொருவராக விழுந்தார்கள். அண்ணன் பேழை வாசலில் நின்று அழுதார், மங்களம் பாடவில்லை.

"மருமொவனே, புறா எங்கய்யா?" என்று சித்தி கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள்.

"இந்த மைதானத்துக்கு அடியில ஓடை கெடக்கு சித்தி. அதத் தொறக்கச் சொல்லுங்க. அன்னைக்குப் புறா வரும்."

சிரிப்பு நின்றுபோனது. ரெக்ஸ் மேடையருகில் வந்தார். "அத்தான், வெளாட்டு போதும். மங்களத்தப் பாடிட்டு எறங்கும்."

"பாட மாட்டேன் மாப்ள. ஆத்துத் தண்ணி வந்தா எங்கன போவும்? நீயே சொல்லு."

"வந்தால்லா பாக்கணும்!"

சனங்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். சித்தி மட்டும் பொரித்த மீனைப் பொட்டலம் கட்டி மைனி கையில் கொடுத்தார். "ஒம் புருசன் கிறுக்கன்ளா. ஆனா நல்லா அழுவுதாரு."

அந்த மார்கழியில் மழை வந்தது. வீட்டுக்கு வீடு கிறிஸ்மஸ் நட்சத்திரம் கட்டியிருந்த நேரம். ஒரு வருசத்து மழையை ஒரே மூச்சில் கொட்டியது போல இருந்தது. ஆறு தன் பழைய வழியைத் தேடி வந்து, மைதானத்துக்குப் பின்னால் முட்டி நின்று, வீடுகளுக்குள் ஏறிவிட்டது. கருவாட்டு மூட்டைகளைப் பரணில் ஏற்றப் போன விக்டோரியா சித்தியால் வெளியே வர முடியவில்லை. வள்ளத்தில் போனவர்கள்தான் உடலை எடுத்தார்கள்.

ரோடு அறுந்து கிடந்ததால் அடக்கத்துக்கு நடந்தே போனோம். கல்லறைத் தோட்டத்து வாசலில் ரெக்ஸ் மறித்துக்கொண்டார். அழுது அழுது கண் சிவந்திருந்தது.

"அக்கா, நீ உள்ள வா. இவரு வராண்டாம்."

"மாப்ள, தண்ணி எங்கன முட்டி நின்னுதுன்னு பாரு..."

"நீரு பேசாதீரும்! மங்களம் பாடாம நாடகத்தத் தெறந்து போட்டுட்டுப் போனீரு. அந்த வழியாத்தான் தண்ணி உள்ள வந்துச்சு!"

சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். ஒரு பெண் மண்ணை வாரித் தூற்றினார். அண்ணன் முகத்தைத் துடைக்கவில்லை. மைனி உள்ளே போகாமல் அவர் பக்கத்திலேயே நின்றார். சித்தியின் முகத்தைப் பார்க்காமல்தான் திரும்பினார்.

பிறகு தம்பி வீட்டுக் கதவு மைனிக்கு அடைத்தது அடைத்ததுதான். போன் செய்தால் எடுக்க மாட்டார்கள். செபமாலை முடிந்து இறந்தவர்களுக்காக வேண்டும்போது சித்தி பேரை மைனி இரண்டு தடவை சொல்வார். நாடகத்தால் வெள்ளம் வருமா என்று பங்குச் சாமியார் கோயிலில் எடுத்துச் சொல்லிப் பார்த்தாராம். சாமி சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, வெளியே வந்து பழையபடியே பேசினார்களாம்.

சித்தியின் முப்பதாம் நாள் பூசை நெருங்கியது. அதற்கு முந்தி வந்து நாடகத்தை முடித்து மங்களம் பாடினால் அக்கா வீட்டுக்கு வரலாம் என்று ரெக்ஸ் சொல்லி அனுப்பினார். அண்ணன் தனியாகப் போய் அந்த மைதானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். வெள்ளம் அதை நடுவில் பிளந்து, ஓடையைத் தானே திறந்துவிட்டிருந்தது. உப்புத்தண்ணீர் அதில் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ரொம்ப நாளைக்குப் பிறகு கொஞ்சம் தெம்பு இருந்தது.

"ஓடைய இப்பிடியே விட்டுருங்க. நான் வந்து பாடுதேன்" என்று ரெக்ஸுக்குப் போன் போட்டார்.

"சரி அத்தான். வாரும்" என்றார் ரெக்ஸ்.

பூசைக்கு முந்தின நாள் சாயங்காலம் போய் இறங்கினோம். ஓடை இல்லை. செம்மண் அடித்து நிரவி, அதன்மேல் மேடை போட்டிருந்தார்கள். பின்னால் சித்தியின் படம் போட்ட பிளக்ஸ். வெயில் இருக்கும்போதே லைட்டுகள் எரிந்தன. ஜெனரேட்டர் அலறிக்கொண்டிருந்தது. மேடை நடுவில் புதுப் பேழை, வெள்ளைத் தெர்மோகோலில். எங்கள் ஓலைப் பேழையை வண்டியிலிருந்து இறக்கக்கூட யாரும் கேட்கவில்லை.

"மாப்ள, ஓடை?"

"மேடை போட எடம் வேணும்லா அத்தான். எல்லாம் சித்திக்காகத்தான். மனசுல வச்சிக்கிடாதீரும்." ரெக்ஸ் மனசாரத்தான் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை.

அண்ணன் கூட்டத்தைப் பார்த்தார். முன்வரிசையில் மைனியை உட்கார வைத்திருந்தார்கள். தம்பி மனைவி அவர் கையைப் பிடித்து அழுதுகொண்டிருந்தார். மைனியும் அழுதார். அந்தக் கையை இனிமேல் விடுவதாக இல்லை.

"விஜிலா, புறாவ எடு" என்றார் அண்ணன்.

நான் கயிற்றை விட்டேன். புறா இறங்கியது. அவர் வாங்கிக்கொண்டு மங்களம் பாடினார். அவ்வளவு நன்றாக அவர் ஒருநாளும் பாடியதில்லை. சனங்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். சிலுவை போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டார்கள். "அப்பாடா, இனிமே வராது" என்று எனக்குப் பின்னால் ஒருவர் சொன்னார். சின்னப் பிள்ளையைத் தூங்க வைக்கிற குரலில் இன்னொருவரும் அதையே சொன்னார்.

மறுநாள் பூசை முடிந்ததும் மைனி தம்பி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். அண்ணனைக் காணவில்லை. நான் தேடிப் போனேன். மேடையைப் பிரித்தவர்கள் தெர்மோகோல் பேழையை உடைத்து அங்கேயே போட்டிருந்தார்கள். கடல்காற்று பலமாக அடித்தது. வெள்ளைத் தூள் மைதானம் முழுக்க உருண்டு ஓடியது. அண்ணன் ஒரு சிமெண்டுச் சாக்கை வைத்துக்கொண்டு, முழங்காலில் நின்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மைனி கூப்பிடுதாங்க. சாப்பிட வாங்க."

"இந்தா வாரேன். இன்னும் கொஞ்சந்தான்" என்றார்.

அவருக்குப் பின்னால் ஒரு லாரி பின்பக்கமாக வந்து, இன்னும் ஒரு லோடு செம்மண்ணைக் கொட்டியது.