புளியங்கொட்டைப் பசையும் இரண்டு ஆப்பும்

எங்கள் வீடுகளில் பெருமாள் எழுந்தருளியிருக்கும் மரப்பெட்டிக்குக் கோயிலாழ்வார் என்று பெயர். ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி அடைமழையில், ஸ்ரீரங்கத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டுக் கோயிலாழ்வாரின் பின்பலகை ஒட்டு விட்டு இரண்டாகப் பிரிந்துவிட்டது. மாமனார் பெருமாளை எதிர் வீட்டில் எழுந்தருளப் பண்ணிவிட்டுத் திரும்பினார். தனக்கு இலை போட வேண்டாம் என்றார்.

"நம்மாத்துத் தளிகையைப் பெருமாள் அமுது செய்யாம நான் எப்படிச் சாப்பிடறது? அவர் திரும்பி எழுந்தருளட்டும்."

நாங்கள் சாப்பிடலாமாம், எங்களுக்கு அந்த விதி கிடையாதாம். எழுபதைத் தாண்டியவர் பாலும் பழமுமாக உட்கார்ந்திருக்கும்போது யாருக்குத் தொண்டையில் சோறு இறங்கும்? எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மறுநாள் கொல்லைக்குப் போனவர் தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகு கோபம் போய் பயம் வந்தது.

தச்சரைக் கூப்பிட்டோம். "வஜ்ரம் காய்ச்சி ஒட்டினா நாளைக்கே ஆயிடும் சாமி" என்றார். வஜ்ரம் எதில் செய்வது என்று மாமனார் கேட்டார். பாவம், அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"மாட்டுத் தோல்லதாங்க."

மாமனார் காதைப் பொத்திக்கொண்டார். ஆணி அடிக்கலாமென்றால் பழைய மரம் பிளந்துவிடும்.

"அப்ப புளியங்கொட்டைப் பசைதாங்க. ஆனா காயற வரைக்கும் அசையாம இறுக்கிப் பிடிக்கணும். என் கிளாம்பெல்லாம் ஒரு கல்யாணக் கட்டில்ல மாட்டியிருக்கு. இன்னும் ஒரு வாரம் ஆகும்ங்க" என்று சொல்லிவிட்டுத் தச்சர் போய்விட்டார்.

ஒரு வாரம் மாமனார் தாங்கமாட்டார். "நாமே பண்ணிக்கலாம்" என்றேன் கணவரிடம். அவர் மலைக்கோட்டைக் கடைவீதியில் ஜவுளிக்கடைச் சிப்பந்தி. கஜக்கோலைத் தவிர வேறு மரம் எதையும் தொட்டறியாதவர்.

புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சினேன். பசை தடவிச் சேர்த்த பலகைகளைக் கிணற்றுக் கயிற்றால் கட்டி, கயிற்றுக்குள் ஒரு குச்சியைக் கொடுத்து முறுக்கினோம். நன்றாகத்தான் இறுகியது. இறுகிய இறுக்கில் ஒட்டிய இடம் கூரை மாதிரி மேலே எழும்பி, பசையெல்லாம் தரையில் வழிந்தது.

அடுத்து, பரணில் கிடந்த பழைய கதவை அடுப்படியில் கிடத்தினோம். அதன்மேல், பலகையின் அகலத்தைவிடச் சற்று அதிக இடைவெளி விட்டு, இரண்டு ரீப்பர் கட்டைகளை இணையாக ஆணியடித்தோம். ஒரு கட்டையை ஒட்டி, மறுபடி பசை தடவிச் சேர்த்த பலகையைப் படுக்க வைத்தோம். மறுபக்கச் சந்தில், மண்வெட்டிக் காம்புக்கு வைப்பதுபோல் ஓர் ஆப்பைச் செருகி அடித்தேன். பலகை கோணிக்கொண்டு போயிற்று.

"அதுக்கு எதிரா இன்னொண்ணு வெச்சுப் பாரேன்" என்றார் கணவர். சொன்னது அவர்தானா என்று திரும்பிப் பார்த்தேன். எதிரெதிராக வைத்த இரண்டு ஆப்புகளையும் மாறி மாறித் தட்டத் தட்ட, பலகை நேராக நகர்ந்து இறுகிக்கொண்டது. எழும்பாமல் இருக்க மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தோம். பசை கதவிலும் கல்லிலும் பிடித்துக்கொள்ளாதபடி இடையிடையே வாழைச்சருகு.

மழை விடவில்லை. மாமனார் அவ்வப்போது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அவர் நடை தளர்ந்துகொண்டே வந்தது. கழற்றிப் பார்க்கலாமா என்று கணவர் குனிந்தபோதெல்லாம், "கையை வெச்சேள்னா பாருங்கோ!" என்று விரட்டினேன். எனக்கே கை துறுதுறுவென்றுதான் இருந்தது.

ஒரு வழியாக மூன்றாம் நாள் வெயில் தலைகாட்டிய காலையில் ஆப்புகளைத் தட்டிக் கழற்றினேன். சருகு உரிந்து வந்தது. பலகையை இரண்டு ஓரத்திலும் பிடித்து வளைத்தேன். அசையவில்லை. முழங்காலில் வைத்து அழுத்தினேன். அப்போதும் அசையவில்லை. அப்பாடா! அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பலகை பெட்டியின் பின்பக்கக் காடிப் பள்ளத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பெருமாள் திரும்பி எழுந்தருளினார். தளிகை அமுது செய்தாயிற்று. மாமனார் இலை முன் உட்கார்ந்து, சாத்தமுது என்று நாங்கள் சொல்லும் ரசம் சாதத்தை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"உப்பு கம்மி."

கல்யாணமானதிலிருந்து தினமும் கேட்ட பேச்சு அது. அதைக் கேட்ட நாளெல்லாம் பாத்திரங்களை டங்கென்று வைப்பேன். இத்தனை நாளாக அதைச் சொல்ல ஆளில்லாமல் அடுக்களை எவ்வளவு பயமாக இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"இதோ வந்துட்டேன்" என்று உப்பு ஜாடியை எடுக்க உள்ளே ஓடினேன்.