ஒரு நூல் தள்ளி

தகரத்தை மடக்கும்போது மறுமுனையை அழுத்திப் பிடிப்பது தகரக்காரரின் மனைவி வேலை. பூஞ்சை உடம்பு. எவ்வளவு அழுத்தினாலும் அவள் பக்கம் தகரம் ஒரு நூல், அரைக்கால் அங்குலம், நழுவிவிடும்.

"தின்னதெல்லாம் எங்கதான் போகுதோ" என்று கத்துவார். கத்திவிட்டு, நழுவப்போகும் அந்த ஒரு நூலுக்கும் சேர்த்து அவள் பக்கத்து மடிப்புக் கோட்டைத் தள்ளிப் போடுவார். முப்பது வருஷம் பெட்டிகள் நேராகவே வந்தன.

அவள் இறந்த பிறகு மகள் திருகி இறுக்கும் ஓர் இரும்புப் பிடி வாங்கி அனுப்பினாள். அது இம்மியும் அசையாது. முதல் பெட்டியே கோணிக்கொண்டு வந்தது. பிடியை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, அளந்து பார்த்தார். அவள் பக்கம் கோடு சரியாக ஒரு நூல் தள்ளி.

அடுத்த தகரத்திலும் அவர் கோட்டை மாற்றவில்லை. பிடியின் திருகைத்தான் கொஞ்சம் தளர்த்தினார்.