காது குத்தாத பிள்ளை

கமலவேணி தன் மகளுக்குக் காது குத்தாமலே வைத்திருந்தாள். ஒரு வயதில் குத்தவில்லை, மூன்று வயதிலும் குத்தவில்லை. மலாக்காவின் காஜா பேராங்கில் அவள் குடியிருந்த வரிசையில் அப்படி வெறுங்காதோடு ஓடித் திரிந்த தமிழ்ப் பெண்பிள்ளை விஜயா மட்டும்தான். குழாயடியில் பெண்கள் கேட்டார்கள். கமலவேணி வாளியைத் தூக்கிக்கொண்டு, "மாமன் மடி இல்லாம எப்படிக் குத்துறது?" என்பாள். அதோடு பேச்சு நின்றுவிடும். மாமன் எங்கே இருக்கிறான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

தியாகு அவளுடைய ஒரே தம்பி. ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவன், தொழிற்சங்கத்தில் பேர் போனவன். நாற்பத்தெட்டில் மலாயாவில் வெள்ளைக்கார அரசாங்கம் அவசரகாலம் கொண்டுவந்து சங்கத்தைத் தடை செய்து ஆட்களைப் பிடிக்கத் தொடங்கியபோது, அவன் கம்யூனிஸ்டுகளோடு காட்டுக்குள் போனான். போலீஸ் அக்காவின் வீட்டுக்கு வந்து அரிசிப் பானைக்குள்ளும் கைவிட்டுப் பார்த்தது. அவளுடைய புருஷன் நல்லையா முனிசிபாலிட்டியில் வயர்மேன். வேலை போய்விடுமோ என்று பயந்தவர். ஆனால் மச்சானைத் திட்டியதில்லை.

பிள்ளைக்கு நான்கு வயது நடந்தபோது நல்லையாதான் பேச்சை எடுத்தார்.

"உன் சித்தப்பா மகன் கலியாணசுந்தரம் இருக்கானே. அவனும் மாமன் முறைதான். அவன் மடியில வெச்சுக் குத்திடுவோம்."

"அவர் மடியில வெச்சா, எந்தம்பி செத்துட்டான்னு நானே சொன்ன மாதிரி."

"நான் அப்படிச் சொல்லல, கமலா."

"நீங்க சொல்லல. ஊர் சொல்லும். அப்புறம் நானும் நம்பிடுவேன்."



ஐம்பத்தைந்து செப்டம்பரில் பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். வெளியே வருகிறவர்களைத் தண்டிக்கமாட்டோம் என்று விமானத்திலிருந்து தாள்களைக் கொட்டினார்கள். ஒலிபெருக்கி கட்டிய விமானங்கள் காட்டின் மேல் சுற்றிப் பேசின. உள்ளே இருப்பவர்களின் குடும்பத்தாரைக் கூப்பிட்டு, அவர்கள் குரலைப் பதிந்து ஒலிபரப்பினார்கள். கமலவேணிக்கும் ஆள் வந்தது.

தகவல் இலாகாவில் தமிழ்ப் பகுதியைப் பார்த்தவர் கணேசமூர்த்தி. மரியாதை தெரிந்த மனிதர். ஒரு தாளைக் கொடுத்து மைக்கின் முன் உட்காரவைத்தார். கமலவேணிக்கு வாசிக்கத் தெரியும். "அன்புள்ள தம்பி தியாகு, உடனே சரணடைந்துவிடு" என்பது முதல் வரி. 'உடனே' வரைக்கும் வாசித்து நிறுத்தினாள்.

"இந்தச் சொல்ல நான் சொல்லமாட்டேன், ஐயா."

"எது?"

"சரண். எங்கப்பா தொரை பங்களாப் படியில விழுந்து கும்பிட்டாரு. செய்யாத தப்புக்கு. தம்பி பக்கத்துல நின்னான். அதுக்கப்புறந்தான் அவன் சங்கம் சங்கம்னு அலைஞ்சது. இந்தச் சொல்லுக்கு அவன் வரமாட்டான்."

"அது சட்டத்துல இருக்கிற சொல்லும்மா. என் இஷ்டத்துக்கு மாத்த முடியாது."

"அப்போ எனக்கு வாய் வராது."

எழுந்து வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் நல்லையா, "ஒரு சொல்லுதானே, சொல்லித் தொலைச்சிருக்கலாம்" என்றார். அவள் மீனை அலசிக்கொண்டே இருந்தாள்.

டிசம்பர் கடைசியில் வடக்கே பாலிங் என்ற ஊரில் பேச்சுவார்த்தை நடந்தது. காட்டிலிருந்து தலைவர்கள் வெளியே வந்து அரசாங்கத்தோடு ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். சண்டை முடிந்துவிடும் என்று மலாக்காவே நம்பியது. பக்கத்து வீட்டில் பலகாரக் கடை வைத்திருந்த மரியத்திடம் ரேடியோ இருந்தது. அவளுடைய கடை ஆட்கள், பக்கத்துச் சிட்டிக் கம்பம் குடியிருப்பிலிருந்து வந்த இரண்டு பேர், கமலவேணி என்று எல்லாரும் அதைச் சுற்றி நின்றார்கள். பேச்சு முறிந்தது என்று செய்தி வந்தது. காரணங்கள் பல சொன்னார்கள். கமலவேணியின் காதில் விழுந்தது ஒன்றுதான். சரணடையச் சொன்னார்கள், அவர்கள் மாட்டோம் என்றார்கள்.

"பெரிய பெரிய ஆளுங்க," என்றாள் மரியம். "ஒரு சொல்லத் தாண்ட முடியல பாரேன்."

"நானும் தாண்டலையே, அக்கா."

"நீ வேற. நீ என்ன கட்சியா வெச்சிருக்க?"

சிரிப்பதற்கு யாருக்கும் மனமில்லை. சில நாளில் அடுத்த அறிவிப்பும் வந்தது. பொதுமன்னிப்பு பிப்ரவரி எட்டாம் தேதியோடு முடிகிறது. அதற்குப் பிறகு காட்டில் கிடைப்பவனுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

மறுநாள் காலை விஜயாவுக்குத் தலைவாரி, இரண்டு காதும் நன்றாகத் தெரியும்படி சடையை இறுக்கிப் பின்னி, கையைப் பிடித்துக்கொண்டு தகவல் இலாகாவுக்கு நடந்தாள்.

"சரண் இல்லாம தம்பியக் கூப்பிடுறேன்," என்றாள். "இவளுக்குக் காது குத்தணும்னு கூப்பிடுறேன்."

கணேசமூர்த்தி சிரித்துவிட்டார். "அரசாங்கத்துக்கே காது குத்தப் பாக்கிறீங்களா?"

"அரசாங்கத்துக்குக் காது இருந்தா ஏன் இவ்வளவு தூரம் நடக்கறேன்? இவ காதப் பாருங்க, ஐயா."

அவர் பார்த்தார். பிள்ளையும் தலையைத் திருப்பிக் காட்டியது.

"அவனுக்கு இவ பொறந்ததே தெரியாது," என்றாள் கமலவேணி. "மடி அவனுதுதான். வேற ஆள உட்கார வைக்கமாட்டேன்."

"நிபந்தனைகளைச் சொல்லாம விட முடியாதும்மா. சொல்லாம விட்டா அது ஏமாத்து வேலை."

"நான் பேசி முடிச்சப்புறம் நீங்க சொல்லுங்க. அது உங்க சொல்லு. உங்க வாயால வரட்டும்."

அவர் மாடிக்குப் போனார். அங்கிருந்த வெள்ளைக்கார அதிகாரிக்கு முதலில் சந்தேகம். காது, ஊசி, மடி எல்லாம் ரகசிய சங்கேதமோ என்று கேட்டாராம். கணேசமூர்த்தி நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் கோப்புக் கட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, தன் அக்கா பிள்ளைகளுக்கு எப்படி உட்கார்ந்தார் என்று செய்து காட்டவேண்டியிருந்தது. இறங்கி வந்து, "பேசுங்கம்மா," என்றார்.

கமலவேணி தாள் இல்லாமல் பேசினாள்.

"தியாகு, அக்கா பேசுறேன். காஜா பேராங்லதான் இருக்கேன். எனக்கு ஒரு மக இருக்கா. பேரு விஜயா. இன்னும் காது குத்தல. மாமன் மடி வேணும். நீ வந்து உட்காரு. வேற யாரையும் நான் கேக்கமாட்டேன்."

அவ்வளவுதான். அதன் பின் கணேசமூர்த்தி சட்டத்தின் சொற்களைத் தன் குரலில் வாசித்தார்.

அவள் பேசியதைப் பதிந்த நாடா இப்போது எங்கும் இல்லை. கமலவேணி இறந்த பிறகு விஜயா அதைத் தேடினாள். வானொலியில் ஒலிப்பதிவுப் பொறியாளராக வேலை பார்த்தவள். எங்கே தேடவேண்டும், யாரைக் கேட்கவேண்டும் என்று தெரிந்தவள். கிடைக்கவில்லை. அழித்துவிட்டு அதன்மேல் வேறொன்றைப் பதிந்திருப்பார்கள். அந்தக் காலத்தில் எல்லா நிலையங்களிலும் அதுதான் வழக்கம்.

விமானம் ஜனவரியில் பறந்தது. பிப்ரவரி எட்டு வந்தது, போனது. தகவல் ஒன்றும் இல்லை. கமலவேணி தகவல் இலாகாவுக்குப் போய்க் கேட்டாள், தெரியாது என்றார்கள். மறுபடியும் போனாள். கலியாணசுந்தரமே ஒருநாள் வீட்டுக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "நான் உட்கார்றேன் தங்கச்சி, பிள்ளைக்கு வயசாகுது" என்றார். அவருக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்தாள். "அவன் வர்றப்ப நீங்க மால போடுங்கண்ணே," என்றாள்.

மார்ச்சில் ஒரு மதியம் கணேசமூர்த்தி சைக்கிளில் வந்தார். இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "காது குத்தற பத்தர்கிட்டச் சொல்லி வைங்கம்மா. ஆனா அவசரம் இல்ல, விசாரணை முடிய நாளாகும்," என்றார்.

கமலவேணி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, "சாப்பிட்டுப் போங்க, ஐயா," என்றாள்.

மன்னிப்புக் காலம் முடிவதற்கு முன்பே தியாகு தோட்டத்துப் பாதையில் வெறுங்கையோடு நடந்து வந்திருந்தான். போலீஸ் அதை வெளியே சொல்லாமல் வைத்திருந்தது. விசாரணை, தடுப்பு முகாம் என்று ஐம்பத்தேழு வரை போயிற்று.

சுதந்திரத்துக்குச் சில வாரம் முன்பு அவனை விட்டார்கள். மாரியம்மன் கோயிலில் நாள் குறித்தாயிற்று. கலியாணசுந்தரம் சொன்னபடி மாலையோடு வந்தார். தெருமுனையில் சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர் நின்றார். மரியம் அவருக்கும் ஒரு தட்டில் பலகாரம் கொடுத்தனுப்பினாள்.

தியாகு மெலிந்திருந்தான். பத்தர் ஊசியைத் தீட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அக்காவிடம் மெல்லச் சொன்னான். "மொத சுத்துல 'காது'ன்னு மட்டுந்தான் கேட்டுச்சு, 'குத்துறத' நாங்களே சேத்துக்கிட்டோம். கவர்மெண்டு உண்மைய ஒத்துக்கிச்சுடான்னு அத்தன பேரும் சிரிச்சோம். திரும்ப வந்துச்சு. 'மாமன்'னு கேட்டுச்சு. அது ஒங் குரல். அப்புறம் நான் சிரிக்கல."

ஈரக் காட்டின் மேலே பறக்கும் ஒலிபெருக்கியிலிருந்து சொற்கள் முழுதாகக் கீழே வருவதில்லை. குறில்கள் இலையிலேயே சிதறிவிடும், நெடில்கள் இறங்கும். காது, மாமன் இரண்டிலும் நெடில் உண்டு. சரண் என்ற சொல்லில் இல்லை. கமலவேணி சொல்லியிருந்தாலும் அது கீழே வந்து சேர்ந்திருக்காது.

பிள்ளைக்கு ஏழாம் வயது நடந்தது. மாமன் மடியில் உட்கார்ந்தபோது கால்கள் தரையைத் தொட்டன. இப்படி வளர்ந்த பிள்ளைக்கு இதுவரை குத்தியதில்லை என்று பத்தர் முணுமுணுத்தார். தியாகு பிள்ளையைச் சரியாக உட்காரவைக்க இப்படியும் அப்படியும் அசைந்தான். அவன் அக்காவைப் பார்த்தான்.

"நான் சரணடையலக்கா," என்றான்.

"தெரியும்டா. ஆடாம உட்காரு."