வெயில் ஊரில் வெந்நீர் மெஷின்

காஞ்சிபுரத்தில் வெந்நீர் மெஷின் விற்பது கத்திரி வெயிலில் கம்பளி விற்பதைவிட ஒரு படி கஷ்டமான தொழில். கம்பளியையாவது மழைக்கு ஆகுமென்று வாங்கி மடித்து வைப்பார்கள். வீடு வீடாகப் படியேறி, செருப்பை வாசலில் விட்டு, ஒரு பொருளைப் பற்றி வாய் வலிக்கப் பேசி, அவர்கள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு இறங்கி வந்த அனுபவம் உங்களுக்கு உண்டென்றால், நீங்களும் என் கட்சிதான். மேலே படியுங்கள்.

முதலாளி கொண்டுவந்த வம்பு

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வீட்டு உபயோகப் பொருள் கடை ஒன்றில் எனக்கு வேலை. பல வருஷம் மிக்ஸி கவுன்ட்டரில் நின்றவள். புரட்டாசி வாக்கில் முதலாளி சென்னைக்கு ஏதோ கண்காட்சி பார்க்கப் போனார். போனவர் சும்மா வராமல், ஹீட் பம்ப் என்று ஒரு மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து குடோனை நிரப்பினார். ஆளுயர டிரம், அதன் தலையில் ஒரு ஃபேன். ஏ.சி. மெஷின், அறையில் இருக்கிற சூட்டை எடுத்துத் தெருவில் கொட்டுகிறது. இது அதே சூட்டை டிரம்மில் இருக்கிற தண்ணீரில் கொட்டுகிறது. உள்ளே தண்ணீர் காயும், வெளியே குளிர்ந்த காற்று வரும். சுற்றிலும் காற்று சூடாக இருந்தால் சீக்கிரம் காயும் என்பதால் நம் ஊருக்கென்றே செய்த மாதிரி இருந்தது. கீஸர் அளவுக்குக் கரண்ட் தின்னாது. விலையைச் சொன்னால்தான் எதிரில் இருப்பவர் முகம் கீஸர் பக்கம் திரும்பிவிடும்.

எனக்கு வாய் இருக்கிறது என்று கண்டுபிடித்து, இதை விற்கிற வேலையை என்னிடம் கொடுத்தார் முதலாளி. கடை ஸ்கூட்டி கொடுத்தார். என் பெயர் போட்ட விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தார். மெஷின் மாட்ட ஃபிட்டர் வரதனைக் கூட அனுப்பினார். மறைப்பானேன், எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்துப் போயிற்று. கவுன்ட்டரில் நின்றபோது எல்லோரும் விலையைத்தான் கேட்பார்கள். இப்போது வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, "எங்க வெக்கலாம், நீயே சொல்லு" என்று என் யோசனையைக் கேட்டார்கள். அதை விட்டுவிட்டு மறுபடி சட்னி அரைத்துக் காட்டப் போக எனக்கு மனசே இல்லை. முதலாளிக்கு அதெல்லாம் தெரியுமா? முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்:

"பொங்கலுக்குள்ள எல்லாம் குடோனைவிட்டுப் போகணும்மா. போகலேன்னா இது கம்பெனிக்கு ரிட்டர்ன், நீ மிக்ஸிக்கு ரிட்டர்ன்."

குளிக்கிறவர்கள் எத்தனை பேர்

ஹீட் பம்ப் வாங்குகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, வீட்டில் யார் யார் எப்போது குளிப்பார்கள் என்பதைத்தான். இது நிதானமாகக் காய்ச்சிச் சேர்த்துவைக்கிற மெஷின். எல்லோரும் ஒரே நேரத்தில் பாத்ரூமுக்குப் படையெடுத்தால் கடைசி ஆளுக்குப் பச்சைத் தண்ணீர்தான். ஏனாத்தூரில் காலேஜ் மாணவர்களுக்கு அறைகளை வாடகைக்கு விடுகிற ஒருவர் கூப்பிட்டார். மாடி நிறையப் பையன்கள். பெரிய டிரம் ஒன்று கட்டாயம் போகும் என்று சந்தோஷமாகப் போனேன்.

மாடியில் இடம் பார்த்தேன். தண்ணீர் உப்பா என்று நாக்கில் விட்டுப் பார்த்தேன். காலையில் மொத்தம் எத்தனை பேர் குளிப்பார்கள் என்று கேட்டேன். மனிதர் யோசித்தார். மாடியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"சென்ட் அடிச்சிக்கினு காலேஜுக்கு ஓடற பசங்கமா இவனுங்க. டிரம் எதுக்கு, பக்கெட்டே இவனுங்களுக்குப் பெருசு."

பட்டு குளிக்காது

பிள்ளையார்பாளையத்தில் சாயப்பட்டறை வைத்திருப்பவர் ஒருவர் தானாகவே கடைக்கு வந்தார். விறகுப் புகையில் கண் எரிகிறது, இந்த மெஷினைப் பட்டறையில் வைத்துக்கொள்கிறேன் என்றார். தேடி வந்த முதல் ஆள் என்பதால் ஓடிப்போய் டீ வாங்கி வந்து கொடுத்தேன். எவ்வளவு சூடு ஏறும் என்று கேட்டார். அறுபது டிகிரி என்று பெருமையாகச் சொன்னேன். டீயை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார்:

"அறுவதுல நான் குளிக்கலாம்மா, பட்டு குளிக்காது. அதுக்குக் கொதிக்கணும்."

நேற்றைய ஜலம்

சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலில் கைங்கர்யம் செய்கிற ஒரு குடும்பம். விடியும் முன்பே எல்லோரும் குளித்துவிடுகிற வீடு. மார்கழிக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. இதைவிடப் பொருத்தமான வீடு அமையுமா? மகன் விலையைக்கூடப் பேசி முடித்துவிட்டார். அவருடைய அம்மா மட்டும் கூடத்து ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாயை அத்தோடு மூடியிருக்கலாம். மதிய வெயிலில் காற்று சூடாக இருக்கும்போது காய்ச்சிக்கொண்டு, மறுநாள் விடியற்காலைவரை சூடு ஆறாமல் வைத்திருக்கும் என்று மெஷினின் அருமையை எடுத்துச் சொன்னேன்.

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். மடியாகச் சமைக்கப் போகிறவர்கள் முந்தின நாள் பிடித்து வைத்த தண்ணீரில் குளிப்பதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே, விடியற்காலை மூன்று மணிக்கு ஓடும்படி டைமர் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் கோபமே படாமல் கேட்டார்:

"மூணு மணிக்குக் காய்ச்சினாலும் உள்ள இருக்கறது நேத்திக்குப் பிடிச்ச ஜலம்தானேம்மா?"

ஏகாம்பரத்தின் யோசனை

கார்த்திகை வந்துவிட்டது. போனது ஒன்றிரண்டு மெஷின்தான். மற்றதெல்லாம் குடோனில் வரிசையாக நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் பிள்ளையார்பாளையத்தில் இருந்து ஏகாம்பரம் போன் செய்தார். வீட்டிலேயே தறி போட்டு நெய்கிறவர். வெந்நீர் மெஷின் வேண்டுமென்று கேட்டது அவர் மனைவி மகேஸ்வரி. நாள் முழுக்க நூல் சுற்றி அவருக்கு விரல் மூட்டெல்லாம் வலி. காலையில் வெந்நீரில் கையை வைத்தால்தான் விரல் மடங்கும். ஆனால் ஏகாம்பரத்துக்கு வெந்நீரைவிட அந்தக் குளிர்ந்த காற்றின் மேல் கண். மழையில், தறியில் நீளவாக்கில் ஏற்றியிருந்த பாவு நூல் நமுத்துப்போய் இழையோடு இழை ஒட்டிக்கொண்டிருந்தது. தை முகூர்த்தப் புடவை வேறு. அந்தக் காற்று ஈரத்தையும் உறிஞ்சும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது உண்மைதான். தறி இருக்கிற அறையிலேயே வைத்துவிடு, சில நாள் பார்த்துவிட்டு வாங்குகிறேன் என்றார். வரதன் கொண்டுபோய் வைத்தான்.

மழை இருந்தவரை ராஜ உபசாரம். நான் போனால் காப்பி, முறுக்கு. பாவு விறைப்பாக நின்றது, இழை ஒட்டவில்லை. பக்கத்துத் தறிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு என் கார்டை வாங்கிக்கொண்டு போனார்கள். இந்தத் தெரு ஒன்று போதும், பிழைத்தோம் என்று நினைத்தேன். பிறகு மழை நின்றது. நல்ல வெயில் அடித்தது. ஏகாம்பரமோ குளிர் வீணாகக் கூடாதென்று ஜன்னலைச் சாத்திவிட்டு மெஷினை ஓட்டியிருக்கிறார். இருந்த கொஞ்ச நஞ்ச ஈரமும் போய்ப் பாவு காய்ந்து, தொட்டால் இழை அறுந்தது. அறுந்த இழையை ஒவ்வொன்றாக எடுத்து முடிகிற வேலை மகேஸ்வரிக்கு. வலிக்கிற அதே விரலால். நானும் வரதனும் போய் நின்றபோது ஏகாம்பரம் தறியைவிட்டு எழுந்திருக்கவில்லை:

"பொடவைய கெடுத்துக்கினு எனக்கு வெந்நீர் எதுக்கும்மா? தூக்கிக்கினு போயிடுங்க."

அடுப்படிக்கு மாட்டுங்க

தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க அந்த மெஷின் திரும்பப் போனால், அத்தோடு என் கதை முடிந்தது. வரதன் குழாயைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தான். மகேஸ்வரி நூலைக் கீழே வைத்துவிட்டு வந்து மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டார். அடுப்பாண்ட வைத்தால் இது ஓடுமா என்று என்னைக் கேட்டார். நன்றாகவே ஓடும், அடுப்புச் சூட்டையும் எடுத்துக்கொள்ளும், இன்னும் சீக்கிரம் காயும் என்றேன். எண்ணெய்ப் புகை படியாமல் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும், ஃபில்டரை அடிக்கடி கழுவ வேண்டும், பின்வாசல் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னேன். ஏகாம்பரம் சிரித்துவிட்டார். நல்ல காற்றை அடுப்படியிலா கொண்டுபோய்க் கொட்டுவது என்றார்.

அவர் மனைவி சத்தம் போடவில்லை. அந்த வீட்டு அடுப்படியை நான் பார்த்திருக்கிறேன். தகரக் கூரை, ஃபேன் போட்டால் அடுப்பு அணைந்துவிடும். மகேஸ்வரி தறியைப் பார்த்தபடியே சொன்னார்:

"பாவு காஞ்சா ஒரே நாள்ல உங்களுக்குத் தெரியுது. நான் இத்தினி வருஷமா அங்க காஞ்சிக்கினு இருக்கறது தெரியல. அடுப்பாண்டயே மாட்டுங்க."

பக்கெட்டு வரிசை

மாட்டினோம். பணமும் கட்டிவிட்டார்கள். நாலைந்து நாள் கழித்து மகேஸ்வரி போன் செய்தார். காற்று பாதியில் நின்றுவிடுகிறதாம். போய்ப் பார்த்தேன். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. டிரம் முழுக்கத் தண்ணீர் காய்ந்துவிட்டால் அது ஓய்வெடுக்கும். ஓய்ந்தால் காற்றும் இல்லை. வெந்நீரைச் செலவழித்தால் மறுபடி ஓடும் என்று விளக்கினேன். இதைக் கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாரோ என்று உள்ளுக்குள் பயம். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, அவ்வளவுதானா என்றார்.

மறுவாரம் அந்தத் தெரு வழியாக ஸ்கூட்டியில் போனேன். சமையல் நேரம். ஏகாம்பரம் வீட்டுப் பின்வாசலில் பெண்கள் பக்கெட்டும் குடமுமாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியாக அடுப்படிக்குள் போய் வெந்நீர் பிடித்தார்கள். பிடித்த பிறகும் வெளியே வரவில்லை. முந்தானையை உதறிவிட்டு அந்தக் காற்றில் நின்று ஊர்க்கதை பேசினார்கள். ஏகாம்பரமும் சாப்பாட்டுத் தட்டோடு அங்கேதான் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் கார்டு வாங்கிக்கொண்டு போனவர்கள் அந்தத் தெரு ஆண்கள். ஒருவர்கூடக் கடைக்கு வரவில்லை. இப்போது வந்ததெல்லாம் பெண்கள். யாருமே வெந்நீரைப் பற்றிக் கேட்கவில்லை, அடுப்படி அளவைச் சொல்லி எது பொருந்தும் என்றுதான் கேட்டார்கள். போகிப் பண்டிகை அன்று முதலாளி திறந்து பார்த்தபோது குடோன் காலியாக இருந்தது. ஆனால் எனக்கு இன்றும் காதில் நிற்பது அன்றைக்கு மகேஸ்வரி பக்கெட்டு வரிசையைப் பார்த்துச் சொன்னதுதான்:

"வெந்நீர் எவ்ளோ வேணா எடுத்துக்கினு போங்கடி, என் காத்து மட்டும் நிக்கக் கூடாது."

ஆகவே சக விற்பனையாளர்களே, வீட்டுக்கு எது வேண்டும் என்று அடுப்படியில் நிற்கிறவளை விட்டுவிட்டு வீட்டுக்காரரைக் கேட்டு விற்கப் பார்த்த வரைக்கும் நான் மோர்தான் குடித்துக்கொண்டிருந்தேன்.