மாமியார் வயிற்றைக் காட்டினாள்

ஆராய்ச்சிக்கூடத்தில் குரங்குகளைப் பார்த்துக்கொள்பவளுக்குத் திராட்சைக்காரி என்று பெயர். அவள் சட்டைப் பையில் எப்போதும் உலர்திராட்சை இருக்கும். குரங்குக்கு ஒன்று என்றால் தனக்கு இரண்டு.

அவளுக்குச் செல்லம், எந்நேரமும் புருவத்தைத் தூக்கிக் குற்றம் பார்க்கும் ஒரு கர்ப்பிணிக் குரங்கு. அதற்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்ததும் அவள்தான். அங்கேயே வேலை பார்க்கும் நாத்தனார் அதைக் கேட்டு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கொசுக்கடியால் பரவும் ஒரு வைரஸ் தாயிடமிருந்து கருவுக்கு எப்படிப் போகிறது என்பதுதான் அங்கே ஆராய்ச்சி. மற்ற குரங்குகளுக்கு மயக்க ஊசி போட்டுத்தான் ஸ்கேன். மாமியார் மட்டும் கூண்டுக் கம்பியில் வயிற்றை ஒட்டிக்கொண்டு சமர்த்தாக நிற்கும். “மருந்தும் சேர்ந்தா, குட்டிக்கு வந்த கெடுதல் வைரஸாலயா ஊசியாலயான்னு எப்படிச் சொல்றது?” என்பார் ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா. திராட்சைக்காரிக்கோ, அந்தக் குட்டிக்கு ஒரு தொல்லையாவது குறையட்டும் என்றிருந்தது.

நேற்று மாமியாருக்கு வைரஸ் கொடுத்தாயிற்று. இனி கர்ப்பிணிகள் அந்த அறைக்குள் நுழையக்கூடாது. திராட்சைக்காரிக்கு நான்கு மாதம். புருஷனுக்கும் டாக்டரம்மாவுக்கும் மட்டுமே தெரியும். வீட்டிலிருக்கும் அசல் மாமியாருக்குத் தெரிந்தால் அன்றோடு வேலைக்கு முழுக்கு. “இடுப்பு பிடிச்சிருக்கு, நீ போயேன்” என்று நாத்தனாரை உள்ளே அனுப்பிவிட்டு, கண்ணாடிச் சுவருக்கு வெளியே மைக்கோடு நின்றாள்.

முகமூடியும் தொளதொள அங்கியுமாக நாத்தனார் திராட்சையை நீட்டினாள். மாமியார் வாங்கித் தின்றுவிட்டு முதுகைக் காட்டியது.

“அண்ணி, இது என்னை மதிக்கவே மாட்டேங்குது!”

“உங்கம்மா மட்டும் மதிக்கிறாங்களாக்கும்?”

உள்ளே இருந்த டாக்டரம்மா மயக்க ஊசியைக் கையில் எடுத்தார். “இன்னும் ஒரு தடவை பார்ப்போம்.”

“நீங்க என்னதான் செய்வீங்க அண்ணி?”

“திராட்சையைக் காட்டுவேன், கூப்பிடுவேன், அப்புறம்…” அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. அப்புறம் அவளும் தன் வயிற்றைக் கம்பியில் ஒட்டிக்கொண்டு நிற்பாள். அதைப் பார்த்துத்தான் மாமியாரும் ஒட்டும்.

நாத்தனாரும் ஒட்டிப் பார்த்தாள். மாமியார் அந்த அங்கி மூட்டையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதன் பார்வை கண்ணாடிச் சுவர்ப் பக்கமே இருந்தது.

வெளியே நிற்பவளுக்கு மறைக்க அங்கி இல்லை. திராட்சைக்காரி ஊசியைப் பார்த்தாள். வருவது வரட்டும் என்று வயிற்றைக் கண்ணாடியில் ஒட்டினாள்.

மாமியார் தலையைச் சாய்த்துப் பார்த்தது. எழுந்து வந்து கம்பியில் வயிற்றை ஒட்டியது. திரையில் ஒரு குட்டி இதயம் படபடத்தது. ஊசி தட்டுக்குப் போனது.

நாத்தனார் திரையைப் பார்க்கவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இடுப்பு வலிக்காரங்க உள்ளே வரக்கூடாதுன்னு எப்பலேருந்து அண்ணி சட்டம்?”

“அது வந்து…”

“எத்தனை மாசம்?”

“நாலு. உங்கம்மாகிட்ட மட்டும்…”

“சொல்லல. ஆனா இந்தக் குரங்குக்கு உடனே வேற பேர் வைக்கணும்.”

“வெச்சாச்சு” என்று திராட்சைக்காரி இரண்டு திராட்சையை வாயில் போட்டுக்கொண்டாள். “இன்னையிலேருந்து அது நாத்தனார்.”